வட்ட டி.என்.ஏ.வின் வரைபடம் கணக்கில் சேராதபோது: ஜெல்லில் தெரியும் அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் முறை

மலேசியாவின் பீடோங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய கல்லூரி ஆய்வகத்தில், தடைக்கட்டு நொதிகளால் (டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டுபவை) பிளாஸ்மிட்டை (பாக்டீரியாவிலுள்ள சிறிய வட்ட டி.என்.ஏ.) வெட்டி, மின்சாரத்தால் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, வெட்டுமிடங்களின் வரைபடத்தை வரையும் பயிற்சியை ஒவ்வொரு பருவமும் நடத்தி வருகிறேன். மாணவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள், அல்லது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு குப்பி நொதி பருவம் முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும்; ஒரு ஜெல் கெட்டுவிட்டால் அந்தக் குழு மறுவாரம் வரை காத்திருக்க வேண்டும். ஆகையால், ஜெல் சரியாக வராதபோது எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், எதைக் கடைசியில் சந்தேகிக்க வேண்டும் என்ற வரிசையை, செலவில்லாத சோதனை முன்னும் செலவுள்ள சோதனை பின்னும் வருமாறு இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நொதி வட்டத்தை எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனை துண்டுகள் வர வேண்டும். அத்துண்டுகளின் கூட்டுத்தொகை வட்டத்தின் முழு நீளமாக இருக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் வாளி வாளியாக நிறுத்த ரப்பர் பாலின் கூட்டுத்தொகை தொட்டியின் அளவோடு ஒத்துவராவிட்டால், கிராணி (தோட்டத்து எழுத்தர்) கணக்குப் புத்தகத்தைத் திருத்தமாட்டார், விடுபட்ட வாளியைத்தான் தேடுவார். அதுபோல, கூட்டுத்தொகை ஒத்துவரும் வரை வரைபடத்தில் கை வைக்காதீர்கள். நான் பார்த்த தவறான வரைபடங்களில் மிகுதியானவை, நொதியின் குறையால் அல்ல, ஒத்துவராத கூட்டுத்தொகையைப் பொருட்படுத்தாமல் வரைந்ததால் பிறந்தவை.

## ஜெல் ஓட்டும் முன்பே இருக்க வேண்டிய வரிசைகள்

கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல், இந்த வரிசைகள் (மாதிரி ஊற்றும் ஒவ்வொரு குழிக்கும் நேரே ஓடும் தடங்கள்) ஜெல்லில் இருந்தால் மட்டுமே செய்ய முடியும். அளவுகோல் டி.என்.ஏ. (நீளம் தெரிந்த துண்டுகள்) ஒரு வரிசை, வெட்டாத பிளாஸ்மிட் ஒரு வரிசை, நொதி மட்டும் சேர்க்காமல், பஃபரோடு (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) 37 பாகை செல்சியஸில் அதே நேரம் வைத்த பிளாஸ்மிட் ஒரு வரிசை, ஒவ்வொரு நொதியும் தனியாக வெட்டியவை, இரண்டிரண்டாகச் சேர்ந்து வெட்டியவை, கடைசியாக, வரைபடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு பிளாஸ்மிட்டை அதே நொதிகளால் வெட்டியது. இந்தக் கடைசி வரிசைக்கு நான் பிபிஆர்322 என்னும் பிளாஸ்மிட்டைப் பயன்படுத்துகிறேன். அதன் நீளம் 4361 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்); எக்கோ-ஆர்-1, ஹிண்ட்-3, பாம்-ஹெச்-1, பிஎஸ்டி-1 ஆகிய நான்கு நொதிகளும் அதை ஒவ்வோர் இடத்தில் மட்டுமே வெட்டுகின்றன. நொதியைச் சிக்கனப்படுத்த வேண்டுமென்று மாணவர்கள் முதலில் விட்டுவிடுவது வெட்டாத வரிசையைத்தான். அதில் நொதியே செலவாவதில்லை என்பதை அவர்களுக்கு ஒவ்வொரு பருவமும் நினைவூட்டுகிறேன்.

## அறிகுறி: ஜெல்லில் எதுவுமே தெரியவில்லை

அளவுகோலும் தெரியவில்லை என்றால், பிழை உங்கள் டி.என்.ஏ.வில் இல்லை. எத்திடியம் புரோமைடு (டி.என்.ஏ.வைப் புற ஊதா ஒளியில் ஒளிரச் செய்யும் சாயம்) சேர்க்க மறந்ததே முதல் காரணம். அப்படியானால் ஜெல்லை எறிய வேண்டாம், ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் சாயமுள்ள கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்தால் டி.என்.ஏ. நிற்கும் இடங்கள் பட்டைகளாகத் தெரிந்துவிடும். கையுறையும் புற ஊதா ஒளியைத் தடுக்கும் முகக்காப்பும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது, ஏனெனில் இந்தச் சாயம் நம் டி.என்.ஏ.விலும் மாற்றத்தை உண்டாக்கக்கூடியது. அடுத்த காரணம் மின்முனைகள் மாறிப்போனது. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, சிவப்பு முனையை நோக்கி ஓடும்; மாதிரியோடு கலந்த நீலச் சாயம் குழியிலிருந்து பின்பக்கமாக வெளியேறியிருந்தால் உங்கள் மாதிரிகள் தொட்டியில் கலந்துவிட்டன, மறுபடி ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது, ஜெல்லையோ தொட்டியையோ பஃபருக்குப் பதில் தண்ணீரால் நிரப்பியது. இது நடக்காத தவறு என்று நினைக்காதீர்கள், இரண்டும் நிறமற்றவை, இரண்டும் ஒரே மாதிரியான புட்டிகளில் இருக்கின்றன.

மின்சாரம் ஓடுகிறதா என்பதற்கு எளிய அடையாளம், மின்முனைக் கம்பிகளிலிருந்து எழும் சிறு குமிழ்கள். பெட்டி மின்னழுத்தம் காட்டியும் குமிழ் வராவிட்டால், மூடியை வேறொரு நல்ல மூடியோடு மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்: மின்பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம், கருவிப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

அளவுகோல் தெரிந்து மாதிரிகள் மட்டும் தெரியவில்லை என்றால், குழியில் ஊற்றியபோது மாதிரி கீழே இறங்கியதா, மேலே மிதந்து போனதா என்று ஊற்றியவரிடம் கேளுங்கள். மிதந்திருந்தால், பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்தபோது கழுவிய எத்தனால் முழுவதும் உலரவில்லை. குழிகளை உண்டாக்கும் சீப்பு தட்டின் அடியைத் தொட்டு அமைந்திருந்தால் குழியின் அடி கிழிந்து மாதிரி ஜெல்லுக்கு அடியில் ஒழுகிவிடும். இவை இரண்டும் இல்லையென்றால், வெட்டாத வரிசையையும் நொதியின்றி வெப்பத்தில் வைத்த வரிசையையும் ஒப்பிடுங்கள். முன்னது தெரிந்து பின்னது காணாமற்போயிருந்தால், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி பஃபரிலோ தண்ணீரிலோ கலந்திருக்கிறது; இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

## அறிகுறி: நொதி சேர்த்த வரிசையும் வெட்டாத வரிசையைப் போலவே இருக்கிறது

வெட்டாத பிளாஸ்மிட் ஒரே பட்டையாக இருக்காது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். முறுக்கேறிய வடிவம் வழக்கமான ஒரு விழுக்காட்டு ஜெல்லில் முன்னே ஓடும். ஓரிழையில் கீறல் விழுந்து தளர்ந்த வட்டம் பின்தங்கும். ஓரிடத்தில் வெட்டப்பட்டு நேர்க்கோடான வடிவம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். ஆகவே, வெட்டாத வரிசையில் இரண்டு பட்டைகள் இருப்பதைக் கண்டு "இரண்டு துண்டுகள்" என்று எழுதிவிடக்கூடாது. முறுக்கேறிய வடிவத்தின் நீளத்தை நேர்க்கோட்டு அளவுகோலோடு ஒப்பிட்டுப் படிக்கவும் கூடாது. அது தன் உண்மையான நீளத்தைவிடச் சிறியதுபோல் காட்டும்.

எந்த நொதியுமே வெட்டவில்லை என்றால், எல்லாக் குழாய்களுக்கும் பொதுவாகப் போனது எதுவோ அதைச் சந்தேகியுங்கள். முதலில் கலக்கியதைப் பற்றிக் கேளுங்கள். நொதி 50 விழுக்காடு கிளிசரால் கலந்த கரைசலில் வருகிறது. அது கனமானது, குழாயின் அடியில் போய்ப் படிந்துவிடும். விரலால் மெல்லத் தட்டிக் கலந்து, மையவிலக்கியில் சில நொடிகள் சுற்றி இறக்காவிட்டால், நொதி அடியிலும் டி.என்.ஏ. மேலுமாக ஒரு மணி நேரமும் தனித்தனியே இருந்துவிடும். அடுத்து டி.என்.ஏ. தயாரிப்பின் தூய்மை. எத்தனால், பீனால், அதிக உப்பு, மிகுதியான இ.டி.டி.ஏ. ஆகிய எதுவும் வெட்டுவினையைத் தடுக்கும், இ.டி.டி.ஏ., நொதிக்கு வேண்டிய மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 மைக்ரோலிட்டர் வினையில் 5 மைக்ரோலிட்டருக்கு மேல் டி.என்.ஏ. கரைசலை ஊற்றாமல் இருப்பது இதற்கு நல்ல காப்பு.

இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்த நான் பெரிதும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் டி.என்.ஏ.வையும், நன்றாக வெட்டுப்படும் என்று தெரிந்த, லேம்டா என்னும் வைரஸின் டி.என்.ஏ.வையும் ஒரே குழாயில் சேர்த்து, அதே நொதியால் வெட்டுங்கள். லேம்டாவும் வெட்டுப்படாவிட்டால், தடைசெய்யும் பொருள் உங்கள் தயாரிப்பில் இருக்கிறது. அதை மீண்டும் வீழ்படிவாக்கி, 70 விழுக்காடு எத்தனாலில் கழுவி, நன்றாக உலர்த்திக் கரையுங்கள். லேம்டா வெட்டுப்பட்டு உங்களுடையது மட்டும் வெட்டுப்படாவிட்டால், நொதியும் நன்று, தயாரிப்பும் நன்று. வெட்டுமிடமே இல்லை, அல்லது அது மறைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு குழாயில் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

ஒரு நொதி மட்டும் வெட்டவில்லை என்றால், வெப்பநிலையைப் பாருங்கள். எக்கோ-ஆர்-1 முதலானவை 37 பாகையில் வேலை செய்தாலும், எஸ்எம்ஏ-1 என்பதற்கு 25 பாகைதான் ஏற்றது. குளிரூட்டி இல்லாத நம் ஊர் அறையின் வெப்பம் அதற்கு மிகுதி என்பதால், குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். பஃபர் அந்த நொதிக்கு உரியதா என்பதையும் குப்பியோடு வந்த தாளில் சரிபாருங்கள்.

பிறகுதான் நொதியின் நிலை. நொதிக் குப்பி மைனஸ் 20 பாகையில் இருக்க வேண்டும். பனி உறையாத வகை வீட்டு ஐஸ் பெட்டி தன்னைத்தானே அவ்வப்போது சூடாக்கிப் பனியை உருக்கிக்கொள்வதால், நொதியை வைக்க ஏற்றதன்று. ஒருமுறை எங்கள் குப்பிகள் இரண்டு, வெள்ளிக்கிழமை மாலை வந்து, பெறுவதற்கு ஆளில்லாமல் திங்கட்கிழமை காலை வரை காவலர் அறையில் இருந்தன. பெட்டிக்குள் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது. ஆயினும் உடனே எறிந்துவிடாமல், லேம்டாவை வெட்டிப் பார்த்தோம்; ஒன்று செத்துப்போயிருந்தது, மற்றொன்று நன்றாகவே வெட்டியது. எக்கோ-ஆர்-1 லேம்டாவை ஆறு துண்டுகளாக்க வேண்டும்: 21226, 7421, 5804, 5643, 4878, 3530. இந்த வரிசை முழுமையாக வந்தால் குப்பியைக் குறை சொல்ல இடமில்லை. அன்று முதல், வியாழன், வெள்ளிக்கிழமைகளில் வந்துசேரும்படி நொதி கேட்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வெட்டாவிட்டால் மெத்தில் மறைப்பை (மெத்தில் என்னும் சிறு வேதிக்குழு வெட்டுமிடத்தில் ஏறி நொதியைத் தடுப்பதை) சந்தேகியுங்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியா வகைகளில் பெரும்பாலானவை ஜிஏடிசி என்ற கார வரிசையிலுள்ள அடினைனில் மெத்திலை ஏற்றிவிடுகின்றன. பிசிஎல்-1 அத்தகைய இடத்தை வெட்டாது. எக்ஸ்பிஏ-1, சிஎல்ஏ-1 ஆகியவை, தம் வெட்டுமிடம் ஜிஏடிசியோடு ஒட்டி அமைந்திருந்தால் மட்டும் தடுக்கப்படும். இதனால்தான் எக்ஸ்பிஏ-1 ஒரு பிளாஸ்மிட்டை வெட்டி, இன்னொன்றை வெட்டாமல் விடுகிறது. மெத்தில் ஏற்றாத ஜேஎம்110 போன்ற வகையில் பிளாஸ்மிட்டை ஏற்றி வளர்த்து, மறுபடி பிரித்தெடுத்து வெட்டினால் உண்மை தெரியும். ஒரு வாரம் பிடிக்கும் வேலை என்பதால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி: பட்டைகள் மிகுதி, கூட்டுத்தொகை முழு நீளத்தைத் தாண்டுகிறது

மிகுதியான பட்டை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்டறிவதே இங்கு முழு வேலையும்.

அது வெட்டாத வரிசையிலுள்ள பட்டைக்கு நேராக நிற்கிறதா? அப்படியானால் அது துண்டே இல்லை. வெட்டுப்படாமல் மிஞ்சிய வட்டம். கணக்கிலிருந்து நீக்குங்கள்.

அது வேறு இரண்டு பட்டைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமா? வெட்டுவினை பாதியில் நிற்கிறது. அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று குழாய்களை வைத்து ஓட்டுங்கள். நேரம் ஏற ஏற அந்தப் பட்டை மங்கி மறையும். மறைவதற்கு முன் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த இரண்டு துண்டுகள் சேர்ந்து நின்றனவோ அவை வட்டத்தில் அக்கம்பக்கத்தில் இருப்பவை. முழுமையாக வெட்டிய ஜெல் இந்த உறவைச் சொல்லாது. மாணவர்கள் பிழை என்று தூக்கியெறியும் இந்த ஜெல்லை நான் பத்திரப்படுத்தச் சொல்வேன்.

நேரமும் நொதியும் கூடக்கூட அந்தப் பட்டை இன்னும் தெளிவாகிறதா? இப்போது நிலைமை நேர்மாறானது. நொதி தனக்குரிய கார வரிசையோடு நில்லாமல், அதை ஒத்த வேறு கார வரிசைகளையும் வெட்டத் தொடங்கியிருக்கிறது. இதை நட்சத்திரச் செயல் என்பார்கள். எக்கோ-ஆர்-1, பாம்-ஹெச்-1 இரண்டுக்கும் இந்தக் குணம் உண்டு. கிளிசரால் 5 விழுக்காட்டைத் தாண்டுவது, நொதி மிகுதியாவது, உப்புக் குறைவது, இரவு முழுவதும் வைப்பது ஆகியவை இதைத் தூண்டும். 20 மைக்ரோலிட்டர் வினையில் ஒவ்வொரு நொதியிலும் ஒரு மைக்ரோலிட்டர் வீதம் இரண்டு நொதிகள் சேர்த்தாலே கிளிசரால் 5 விழுக்காட்டைத் தொட்டுவிடுகிறது. எனவே இரட்டை வெட்டுக்கு மட்டும் 30 அல்லது 40 மைக்ரோலிட்டராக வினையைப் பெரிதாக்குங்கள். "வெட்டவில்லையே" என்று இன்னொரு மைக்ரோலிட்டர் நொதியை ஊற்றும் பழக்கம், பாதி வெட்டை நட்சத்திர வெட்டாக மாற்றி, இரண்டையும் பிரித்தறிய முடியாமல் செய்துவிடும்; நேரத்தை முதலில் கூட்டுங்கள், நொதியைப் பிறகு.

நேரத்தாலும் மாறவில்லை, மறையவுமில்லை என்றால், குழாயில் இரண்டு வகைப் பிளாஸ்மிட்கள் கலந்திருக்கலாம். நொதியைக் குறை சொல்லாமல், பாக்டீரியாவைத் தட்டில் மீண்டும் தீட்டி, ஒற்றைக் காலனியை எடுத்து வளர்த்து, புதிதாகப் பிரித்தெடுங்கள்.

## அறிகுறி: கூட்டுத்தொகை முழு நீளத்தைவிடக் குறைகிறது

பிரகாசத்தை முதலில் பாருங்கள். ஒரே வரிசையில் நீளமான துண்டு அதிகச் சாயத்தையும் குட்டையான துண்டு குறைந்த சாயத்தையும் பிடிக்கும். ஆகவே மேலிருந்து கீழே பிரகாசம் படிப்படியாகக் குறைந்துவர வேண்டும். ஒரு பட்டை தனக்கு மேலுள்ளதற்கு நிகராக ஒளிர்ந்தால், அங்கே ஒத்த நீளமுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. 6000 இணைகள் கொண்ட வட்டத்தில் 3000, 1500 என்று இரண்டு பட்டைகள் மட்டும் வந்தால், காணாமற்போன 1500 வேறெங்கும் போகவில்லை. அந்தக் கீழ்ப்பட்டைக்குள்தான் இருக்கிறது.

பிறகு ஜெல்லின் அடியைப் பாருங்கள். சிறு துண்டு ஓடி வெளியேறியிருக்கலாம், அல்லது மாதிரியோடு கலந்த நீலச் சாயத்தின் நிழலில் மறைந்திருக்கலாம். புரோமோபினால் நீலம் ஒரு விழுக்காட்டு ஜெல்லில் ஏறத்தாழ 300 முதல் 500 இணைத் துண்டுகளோடு சேர்ந்து ஓடுகிறது. புற ஊதா ஒளியில் அது கருநிழலாக விழுந்து, அதே இடத்தில் நிற்கும் மங்கலான பட்டையை விழுங்கிவிடும். பிபிஆர்322-ஐ எக்கோ-ஆர்-1, பாம்-ஹெச்-1 இரண்டாலும் வெட்டும்போது வரும் 377 இணைத் துண்டு இப்படித்தான் ஒவ்வொரு பருவமும் சில குழுக்களுக்குக் காணாமற்போகிறது. சாயத்தைப் பாதியாகக் குறைத்து, 2 விழுக்காட்டு ஜெல்லில் ஓட்டினால் அது தெரியும். ஆர்.என்.ஏ. நீக்கப்படாத தயாரிப்பாக இருந்தால் அடியிலுள்ள பளிச்சென்ற திட்டும் இதே வேலையைச் செய்யும், ஆர்.என்.ஏஸ்-ஏ சேர்த்து அதை அகற்றுங்கள்.

ஜெல்லால் காட்டவே முடியாத துண்டும் உண்டு. பிபிஆர்322-இல் எக்கோ-ஆர்-1, ஹிண்ட்-3 வெட்டுமிடங்கள் ஏறத்தாழ 30 இணை இடைவெளியில் அமைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து வெட்டினாலும் ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரியும். 4361-க்கும் 4330-க்கும் உள்ள வேறுபாட்டை அதில் கண்டறிய முடியாது. "இரண்டில் ஒன்று வெட்டவில்லை" என்றுதான் எவருக்கும் தோன்றும். தனித்தனி வெட்டுகள் இரண்டும் நேர்க்கோட்டு வடிவத்தைக் கொடுத்திருந்தால், வெட்டாமல் இல்லை, அருகருகே வெட்டுகின்றன என்று கொள்ளுங்கள். உறுதிப்படுத்த, இரண்டையும் தனித்தனியே பாம்-ஹெச்-1 உடன் சேர்த்து வெட்டி, 2.5 விழுக்காட்டு ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள்: ஒன்று 377, மற்றது 346 என்று ஒரு மயிரிழை வேறுபாட்டில் நிற்கும். அந்த வேறுபாட்டைத் தன் கண்ணால் கண்ட மாணவர், அதற்குப் பிறகு எந்தத் தனி வெட்டையும் விட்டுவிடுவதில்லை.

## அறிகுறி: பட்டைக்குப் பதில் தீற்றல்

மிகுதியாக ஏற்றினீர்களா என்று பாருங்கள். ஒரு குழிக்கு அரை மைக்ரோகிராம் போதும். தீற்றல் குழியிலிருந்தே தொடங்கினால், நொதி டி.என்.ஏ.வை விடாமல் பற்றியிருக்கிறது, புரதத்தைக் குலைக்கும் எஸ்.டி.எஸ். என்னும் சலவைப்பொருள் சிறிதளவு கலந்த நீலச் சாயத்தில், 65 பாகையில் பத்து நிமிடம் வைத்து ஏற்றுங்கள். நொதியில்லாத வரிசையும் தீற்றினால் முன்னே சொன்ன சிதைக்கும் நொதிதான் காரணம். புதிய பஃபர், புதிய தண்ணீர் இரண்டிலும் தீராவிட்டால் பிளாஸ்மிட்டைப் புதிதாகப் பிரித்தெடுப்பதே சிக்கனம்.

## அறிகுறி: பட்டைகள் வளைந்தோ சாய்ந்தோ நிற்கின்றன

நடு வரிசைகள் முந்தி, ஓர வரிசைகள் பிந்தினால் ஜெல்லின் நடுப்பகுதி சூடாகிவிட்டது. மின்முனைகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டருக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள். ஐந்து மணிக்குப் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பதால் மின்னழுத்தத்தை ஏற்றி விரைவுபடுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த அவசரத்தில் ஓடிய ஜெல்லின் நீளங்களைக் கொண்டு வரைபடம் வரைய முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழையில் மின்சாரம் நின்றுபோனால், ஜெல்லை அப்படியே விட்டு வைக்காதீர்கள்: பட்டைகள் பரவி அகலமாகிவிடும். எவ்வளவு ஓடியிருக்கிறதோ அவ்வளவில் படமெடுத்து வையுங்கள். நான் அம்மாதங்களில் ஜெல்லைக் காலையில்தான் ஓட்டுகிறேன்.

## அறிகுறி: துண்டுகள் தெளிவு, ஆனால் நீளங்கள் நம்பும்படி இல்லை

அளவுகோலே தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம். ஹிண்ட்-3 வெட்டிய லேம்டா, எங்களைப் போன்ற சிறிய ஆய்வகங்களில் இன்னும் பயன்படும் மலிவான அளவுகோல். அதன் துண்டுகள் 23130, 9416, 6557, 4361, 2322, 2027, 564, 125 என எட்டு. இவற்றுள் 23130-உம் 4361-உம் லேம்டாவின் இரு முனைகளைக் கொண்டவை. அம்முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. சூடாக்காமல் ஏற்றினால் இரண்டும் இணைந்து மேலே போய்விடும், 4361 பட்டை மங்கிவிடும் அல்லது காணாது. மாணவர் மேலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது 2322-ஐ நான்காவது பட்டை என்று கொண்டு, அதற்கு 4361 என்று எழுதிவிடுவார். அதன்பின் எல்லா நீளங்களும் தவறும். பிபிஆர்322-இன் முழு நீளமும் தற்செயலாக அதே 4361 என்பதால், நேர்க்கோடான பிளாஸ்மிட்டுக்கு நேரே நிற்க வேண்டிய அளவுகோல் பட்டைதான் இவ்வாறு மறைகிறது. அளவுகோலை 65 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கி, உடனே ஐஸில் வைத்து ஏற்றினால் இந்தப் பிழை முழுவதும் தீர்ந்துவிடும். 564 மங்கலாகவே இருக்கும், 125 பெரும்பாலும் தெரியாது.

நீளத்தை அரை மடக்கைத் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை அளவிலுள்ள வரைபடத் தாள்) புள்ளியிட்டுப் படியுங்கள். அளவுகோலின் இரண்டு பட்டைகளுக்கு இடையில் நிற்கும் துண்டை மட்டும் நம்புங்கள்; மேலே பட்டைகள் நெருங்கும் பகுதியில் நிற்பதை நம்ப வேண்டாம், 0.7 விழுக்காட்டு ஜெல்லில் மெதுவாக மறுபடி ஓட்டுங்கள். செம்பனையின் பசுங்கணிக வட்டத்தையும் இப்படி வரையலாமா என்று ஒரு மாணவி கேட்டார். அது ஏறத்தாழ 157,000 இணைகள் கொண்டது. எக்கோ-ஆர்-1 போன்ற நொதி அதை எண்ணற்ற துண்டுகளாக்கிவிடும், இந்த ஜெல்லில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அதற்கு அரிதாக வெட்டும் நொதிகளும் துடிப்பு மின்புல ஜெல் கருவியும் வேண்டும். அது பெரிய ஆய்வு நிலையத்தின் வேலை.

## அறிகுறி: கூட்டுத்தொகை சரி, வரைபடம் மட்டும் பொருந்தவில்லை

இதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு நொதிகளைக் கொண்டே இடத்தைத் தீர்மானிக்க முயல்வது. பிபிஆர்322-ஐ வரைபடம் தெரியாததுபோல் எடுத்துக்கொள்வோம். எக்கோ-ஆர்-1 உடன் பாம்-ஹெச்-1 சேர்ந்தால் ஏறத்தாழ 377-உம் 3984-உம்; எக்கோ-ஆர்-1 உடன் பிஎஸ்டி-1 சேர்ந்தால் ஏறத்தாழ 750-உம் 3610-உம். எக்கோ-ஆர்-1 இடத்தை வட்டத்தின் உச்சியில் குறித்துவிட்டு, பாம்-ஹெச்-1 இடத்தை வலப்புறம் 377 தொலைவில் வையுங்கள். பிஎஸ்டி-1 இடம் 750 தொலைவில் இருக்கிறது, ஆனால் வலப்புறமா இடப்புறமா? இந்த இரண்டு ஜெல்களும் அதைச் சொல்லா. வலப்புறமென்றால் பாம்-ஹெச்-1, பிஎஸ்டி-1 இடைவெளி 373 ஆக வேண்டும், இடப்புறமென்றால் 1127. மூன்றாவது இணையை வெட்டினால் ஏறத்தாழ 1130-உம் 3230-உம் வருகின்றன. ஆகவே இடப்புறம். மூன்று நொதிகளும் சேர்ந்து வெட்டும்போது 3230, 750, 377 வந்தால் தீர்மானம் உறுதி. எந்த ஒரு புதிய நொதிக்கும், ஏற்கெனவே இடம் தெரிந்த இரண்டு நொதிகளோடு தனித்தனியே இரட்டை வெட்டு வேண்டும். ஒன்றோடு மட்டும் வெட்டிவிட்டு வரைந்தால் பாதி வாய்ப்பில் தவறும்.

உங்கள் வரைபடமும் நண்பருடையதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி இருந்தால் இரண்டும் சரியே. எந்தப் பக்கம் வலம் என்பதை ஜெல் சொல்லாது; ஏற்கெனவே திசை தெரிந்த ஒரு மரபணுவோ வெட்டுமிடமோ வட்டத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

பிளாஸ்மிட்டில் செருகிய வேறு டி.என்.ஏ. துண்டின் திசை தெரியாமல் குழம்பினால், செருகலை நடுவில் வெட்டும் நொதியை எடுக்காதீர்கள். ஓர் ஓரமாக வெட்டுவதை எடுங்கள். 1200 இணைச் செருகலை அதன் ஒரு முனையிலிருந்து 200-இல் வெட்டும் நொதியும், செருகலுக்கு ஒரு பக்கம் ஒட்டி வெட்டும் நொதியும் சேர்ந்தால், ஒரு திசையில் 200 அளவிலான துண்டும் மறு திசையில் 1000 அளவிலான துண்டும் வரும்.

## எந்தக் கட்டத்தில் நிறுத்தி, வெளியே அனுப்ப வேண்டும்

தூய்மையான புதிய தயாரிப்பு, லேம்டாவில் சோதித்த நொதி, சூடாக்கிய அளவுகோல், மூன்று இணை வெட்டுகள் ஆகிய நான்கும் இருந்தும், இரண்டு ஜெல்களில் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால், மூன்றாவது ஜெல் ஓட்ட வேண்டாம். பிளாஸ்மிட் முழுவதன் கார வரிசையையும் படித்துத் தரும் சேவைக்கு அனுப்புங்கள். சிறு பிளாஸ்மிட் ஒன்றுக்கு அதற்காகும் செலவு, பெரும்பாலும் ஒரு புதிய நொதிக் குப்பியின் விலையைவிடக் குறைவு. ஆனால் முதல் ஜெல்லுக்கு முன்பே அனுப்பிவிடும் மாணவர்களை நான் தடுத்துவிடுகிறேன், ஏனென்றால் குழாயில் இரண்டு பிளாஸ்மிட்கள் கலந்திருந்தாலோ, தவறான காலனியை எடுத்திருந்தாலோ, அதை ஒரு மாலை நேரத்தில் காட்டிவிடுவது ஜெல்தான்.

அனுப்பும் குழாய், ஜெல்லில் ஓட்டிய அதே தயாரிப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். எஞ்சியதை மைனஸ் 20-இல், தேதியும் காலனி எண்ணும் எழுதி வையுங்கள். கார வரிசை திரும்பி வந்தவுடன் அதைக் கணினியில் அதே நொதிகளால் வெட்டி, வரும் நீளங்களை உங்கள் ஜெல் படத்தின் ஓரத்தில் வரிசை வரிசையாக எழுதுங்கள். எந்த வரிசையில் எந்தப் பட்டை முதலில் பிசகியது என்பது அப்போது தெரியும். அடுத்த குழுவின் ஜெல்லில் முதலில் சோதிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான்.